காமிராவை அடிக்கடி போய்ப் பார்க்கலாமா?
கொல்லிமலையை முன்வைத்து ஒரு விமர்சனம்

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு வல்வில் ஓரியின் நினைவு வரும். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அவனுடைய வில்லாற்றலைப் பாடியிருக்கிறார். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். புலவரின் மிகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரு செய்தி மிஞ்சுகிறது. அந்நாளில் ஒரு மலைக்காடு என்றால் அதில் என்னென்ன விலங்குகள் இருக்கும் என்று மக்கள் எண்ணினார்களோ, அதற்கு அந்தப் பாட்டு ஒரு பட்டியல்.

இன்று அப்படி ஒரு பட்டியலை எப்படித் தயாரிப்பது? வில்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். ஆகவே வில்லின் இடத்தில் இப்போது காமிரா வந்திருக்கிறது. மரத்தில் கட்டிவிட்டு வந்தால், விலங்கு குறுக்கே போகும்போது தானாகவே படம் எடுத்துக்கொள்ளும் காமிரா அது. வனத்துறையினர் ‘காமிரா டிராப்’ என்பார்கள்.

இந்தக் காமிராவைக் கட்டும் ஆர்வலர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை நாளுக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பது?” என்பதுதான். கேள்வி சிறியது. ஆனால் அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள், காமிராவைப் பற்றியும் மானைப் பற்றியும் மனிதனைப் பற்றியும் நாம் வைத்திருக்கும் பல தவறான எண்ணங்களைக் காட்டிக் கொடுக்கின்றன. அந்தப் பதில்களைத்தான் இங்கே ஆராயப் போகிறோம்.

வேட்டைக்காரன் தந்த விதி

வழக்கமான பதில்கள் இரண்டு. “வாரத்துக்கு ஒரு முறை பார்” என்பது ஒரு கட்சி. “கட்டியபின் அந்தப் பக்கமே போகாதே” என்பது மற்றொரு கட்சி. இரண்டுமே வட அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வாதத்தின் இரண்டு முனைகள். அங்கே மான் வேட்டைக்கு உரிமமும் பருவமும் உண்டு. பருவம் சில வாரங்களே நீடிக்கும். தான் குறிவைத்த கலைமான் இந்த வாரம் எந்தத் தடத்தில் வருகிறது என்பது வேட்டைக்காரனுக்குத் தெரிந்தாக வேண்டும். போன மாதத்துப் படம் அவனுக்குப் பயன்படாது. அதே சமயம், அடிக்கடி போனால் மான் தடத்தை மாற்றிவிடும் என்ற அச்சமும் உண்டு.

மானுக்கும் தானியங்கிக் காமிராவுக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர், முன்பு வேட்டையாடியவர், துப்பாக்கியை வைத்துவிட்டு காமிராவை எடுத்தார். இரவில் படகில் விளக்குடன் போய் ஏரிக்கரை மான்களைப் படம் பிடித்தார். விலங்கு கயிற்றை இழுத்தால் பளிச்சென்று ஒளி வீசிப் படமெடுக்கும் பொறியையும் அமைத்தார். 1906ஆம் ஆண்டு ஜூலை மாத ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ இதழில் அவருடைய 74 படங்கள் வெளியாயின.

அந்த வழி வந்த கருவி இன்று அங்கேயே வழக்காடப்படுகிறது. அரிசோனா மாநிலம், வேட்டைக்காக இத்தகைய காமிராக்களைப் பயன்படுத்துவதை 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை செய்தது. வேட்டையில் விலங்குக்கும் தப்ப ஒரு வாய்ப்பு வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நமக்கு முக்கியமானது. வறண்ட நிலத்தில் இருக்கும் சில நீர்நிலைகளில் பலரும் காமிரா கட்டி, அவற்றைப் பார்ப்பதற்காக ஓயாமல் வந்து போவதால் விலங்குகளுக்குத் தொல்லை நேர்கிறது என்பதே அது. காமிரா செய்யாத தொல்லையை, காமிராவைப் பார்க்கப் போகும் மனிதன் செய்தான்!

வேட்டைக்காரனின் விதி வேட்டைக்காரனின் தேவைக்குப் பிறந்தது. மானைக் கொல்வதற்கன்றி அறிவதற்காகக் காமிரா கட்டுகிற நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்வது, கத்தரிக்கோலைக் கொண்டு நாற்று நடப் போவதைப் போன்றது.

காமிரா எப்படி விழித்துக்கொள்கிறது?

மேலே போகுமுன் கருவியைச் சற்றுப் புரிந்துகொள்வோம். இந்தக் காமிராவின் முகப்பில், வெப்பத்தால் வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் ஒரு சிறு சாதனம் இருக்கிறது. முன்னால் உள்ள காட்சியின் வெப்பநிலையை அது இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருக்கும். சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட வெப்பமுள்ள ஒரு பொருள் குறுக்கே நகர்ந்தால் காமிராவை எழுப்பிவிடும். இரவில் படமெடுக்க, கண்ணுக்கு அதிகம் புலப்படாத அகச்சிவப்பு விளக்குகள் உண்டு.

இங்கே இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். வெப்ப வேறுபாடு வேண்டும்; அசைவும் வேண்டும். நாமக்கல் சமவெளியில் கோடை நண்பகலில் பாறையும் மண்ணும் விலங்கின் தோல் அளவுக்குச் சூடேறிவிட்டால், எதிரே மான் போனாலும் காமிரா உறங்கும். மாறாக, மலைமேல் வெயில் பட்ட புல் காற்றில் ஆடினாலே போதும். மான் இல்லாமலேயே நூற்றுக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளும். கடல் மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் கொல்லிமலையில், அடிவாரத்துக் காரவள்ளியில் கட்டும் காமிராவும், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே கட்டும் காமிராவும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே, “படம் இல்லை, அதனால் மான் இல்லை” என்பது தர்க்கத்துக்கு ஒவ்வாத முடிவு. “படம் ஏராளம், அதனால் மான் ஏராளம்” என்பதும் அப்படியே. ஒரே மான் பத்து இரவு வந்தால் பத்துப் படம் விழும்.

‘காணாத கண்’ என்னும் மயக்கம்

இந்தக் காமிராவைப் புகழ்பவர்கள், விலங்குக்குத் தெரியாமல் விலங்கைக் காணும் கண் என்பார்கள். இது பாதி உண்மைதான். ஆஸ்திரேலியாவில் பால் மீக் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் பல மாடல் காமிராக்களைச் சோதித்து 2014ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். காமிராக்கள் நம் செவிக்கு எட்டாத ஒலிகளை எழுப்புகின்றன. அவற்றின் அகச்சிவப்பு விளக்கும் விலங்குகளின் பார்வையில் படக்கூடும். பல விலங்குகள் அவற்றை உணர்கின்றன என்பது அவர்களுடைய முடிவு. படங்களில் விலங்கு நேரே காமிராவை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதை நாமே கண்டிருக்கிறோம் அல்லவா?

ஆனால் காமிராவைவிடப் பெரிய குறுக்கீடு, அதைப் பார்க்கப் போகும் மனிதன். மானின் கண் நம் கண்ணைப் போல நிறங்களைப் பிரிப்பதில்லை. சிவப்பை அது நன்றாக உணராது. ஆனால் மூக்கு நம்முடையதைக் காட்டிலும் பல மடங்கு கூரியது; காதும் கூரியதே. காமிராவின் வாரைப் பிடித்த கையின் வியர்வை, காலடியில் நசுங்கிய தழை, பிடித்துப் போட்ட பீடித்துண்டு, கூடவே ஓடி வந்த நாய், இவை ஒவ்வொன்றும் அதற்கு ஒரு செய்தி. நாம் போன பிறகும் அந்தச் செய்தி அங்கே கிடக்கும்.

எல்லா மானும் ஒரே மாதிரி அஞ்சுமா என்று ஒரு கேள்வி எழலாம். அஞ்சாது. சென்னையில் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் 1959ஆம் ஆண்டில் எழுந்த ஐ.ஐ.டி. வளாகத்தில், மாணவர்கள் சைக்கிளில் போகும் வழியோரமாகவே புள்ளிமான்கள் மேய்கின்றன. அங்கே காமிராவைத் தினமும் பார்த்தாலும் மானுக்குக் கவலை இல்லை. மனிதன் என்றால் தீங்கு இல்லை என்று அவை பழகிவிட்டன. துப்பாக்கியையும் கண்ணியையும் நாயையும் கண்டு பழகிய காட்டில் மனித வாடை என்றால் வேறு பொருள். மேலும் புள்ளிமான் வெளியான புல்வெளியில் கூட்டமாக மேய்வது. கேளையாடு புதருக்குள் தனித்தோ இணையாகவோ ஒதுங்கி வாழ்வது. கடமானாகிய மிளா இரவில் வெளிப்படுவது. ‘மான்’ என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் சேர்த்து “வாரம் ஒரு முறை” என்று ஒரே மருந்துச் சீட்டு எழுதலாமா?

பிலிம் காலத்துப் பழக்கம்

அடிக்கடி போய்ப் பார்க்கும் பழக்கத்துக்கு மற்றொரு வேரும் உண்டு. 1920களில் ஐக்கிய மாகாணத்தின் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எப். டபிள்யூ. சாம்பியன், புலியின் காலில் கம்பி தட்டினால் படமெடுக்கும் பொறியை அமைத்தார். 1927ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் அந்தப் படங்களால் புகழ் பெற்றது. ஒரு தகட்டில் ஒரு படம்தான். படம் விழுந்துவிட்டால் யாராவது போய் மறுபடியும் பொறியை ஏற்றி வைக்க வேண்டும். அவருக்கு வேறு வழியில்லை.

1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் புலிகளைக் காமிராவால் கணக்கிட்டார். ஒவ்வொரு புலியின் வரியும் வேறு என்பதால், மறுபடி படம் பட்ட புலி எது, புதிய புலி எது என்று பிரித்து மொத்தத்தை மதிப்பிட முடிந்தது. 1995ஆம் ஆண்டில் அந்த முறையை வெளியிட்டார். அப்போதும் பிலிம்தான், ஒரு சுருளில் 36 படம். குரங்குக் கூட்டமோ ஆட்டு மந்தையோ குறுக்கே போனால் ஒரே நாளில் சுருள் தீர்ந்துவிடும். ஆகவே அடிக்கடி போக வேண்டியிருந்தது.

இன்றைய மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். நல்ல பாட்டரிகள் பல வாரம் உழைக்கும். தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. பழக்கத்துக்குத் துணையாக ஆவலும் சேர்ந்துகொள்கிறது. “ஏதாவது விழுந்திருக்குமோ?” என்ற ஆவலைக் குறை சொல்லவில்லை. அது விஞ்ஞானத்தின் தாய். ஆனால் தாய் அடிக்கடி பானையைத் திறந்து பார்த்தால் சோறு வேகாது.

2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் 3,48,58,623. அவற்றில் புலிப் படங்கள் 76,651. ஏறத்தாழ 455 படத்துக்கு ஒரு புலிப் படம்! பாடம் என்ன? காட்டில் நடப்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து படங்களைப் பொறுமையாகப் பிரிப்பதே இந்த வேலையின் பெரும்பகுதி.

ஒரு சிறு கணக்கு

சரி, போகவே கூடாதா? அந்தக் கட்சியும் தவறுதான். காமிரா பழுதாகும். லென்சை எறும்பு மூடும், கரையான் ஏறும், கொடி மறைக்கும், மழைநீர் புகும். பழுதான காமிராவைக் கவனிக்காமல் விட்டால் அத்தனை நாளும் வீண். ஆக, இருபுறமும் இழப்பு இருக்கிறது. போனால் மான் ஒதுங்குவதால் இழப்பு. போகாவிட்டால் பழுது தெரியாததால் இழப்பு. இரண்டையும் ஒரு தராசில் வைத்துப் பார்ப்போம். பின்வரும் எண்கள் கணக்கைப் புரிந்துகொள்ள நாமே வைத்துக்கொண்டவை. எந்தக் காட்டிலும் அளந்தவை அல்ல.

ஒரு முறை போய் வந்தால் இரண்டு இரவு மான் அந்தப் பக்கம் வராது என்று கொள்வோம். நூறு காமிரா ஓடினால் ஒரு நாளில் ஒன்று பழுதாகும் என்றும் கொள்வோம்.

ஏழு நாளுக்கு ஒரு முறை போகிறவர், ஏழு இரவில் இரண்டைத் தொல்லையால் இழக்கிறார். அதாவது 100க்கு 29. பழுதானால் சராசரியாக மூன்றரை நாள் கழித்து அவருக்குத் தெரியும். அதனால் வரும் இழப்பு 100க்கு 3½. மொத்தம் ஏறக்குறைய 32.

இருபது நாளுக்கு ஒரு முறை போகிறவருக்குத் தொல்லையால் 10, பழுதால் 10, மொத்தம் 20.

முப்பது நாளுக்கு ஒரு முறை என்றால் தொல்லையால் ஏறக்குறைய 7, பழுதால் 15, மொத்தம் 22.

நாற்பத்தைந்து நாள் என்றால் தொல்லையால் 4½, பழுதால் 22½, மொத்தம் 27.

என்ன தெரிகிறது? மிகவும் அக்கறையாக வாரந்தோறும் போகிறவர், ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை போகிற ‘சோம்பேறி’யைவிட அதிகமாக இழக்கிறார். மற்றொன்றும் தெரிகிறது. இருபதுக்கும் முப்பதுக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே மிகச் சரியான நாள் எது என்று தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

கணித மாணவர்களுக்கு இதைச் சூத்திரமாகவே தரலாம். ஒரு வருகையால் கெடும் இரவுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள். ஒரு நாளில் பழுதாகும் வாய்ப்பால் அதை வகுங்கள். கிடைப்பதன் வர்க்கமூலமே சிறந்த இடைவெளி. மேலே உள்ள எடுத்துக்காட்டில் 2ஐ இரண்டால் பெருக்க 4; அதை நூற்றில் ஒன்றால் வகுக்க 400; அதன் வர்க்கமூலம் 20 நாள். மழைக்காலத்தில் 25 காமிராவில் நாளுக்கு ஒன்று பழுதானால் விடை 10 நாளாகக் குறையும். மான் மனிதனைப் பொருட்படுத்தாத இடத்தில், கெடுவது அரை இரவுதான் என்றால், பழுது பழையபடி நூற்றில் ஒன்றாக இருந்தாலும் விடை 10 நாள். நல்ல காமிரா, நல்ல பாட்டரி, நானூறில் ஒன்றுதான் பழுது, ஆனால் மான் இரண்டு இரவு ஒதுங்கும் என்றால் 40 நாள் வரை விட்டுவைக்கலாம்.

இது தோராயக் கணக்கு. பழுது மிகுந்தால் சற்றுத் திருத்த வேண்டும். ஆனாலும் இதில் ஓர் அறிவு இருக்கிறது. “எத்தனை நாளுக்கு ஒரு முறை?” என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. காடும் பருவமும் கருவியும் விலங்கும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தருகின்றன. இரு கட்சியினரும் விட்டுவிட்டது இதைத்தான்.

கேள்வி எதுவோ அதுவே விடை

இன்னொன்றையும் இரு கட்சியினரும் கேட்பதில்லை. எதை அறிவதற்காகக் காமிரா வைத்தோம்?

ஒரு வகை மான் இங்கே இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியானால், ஒரு தெளிவான படம் போதும். எந்த நேரத்தில் நடமாடுகிறது என்பது கேள்வியானால், காமிராவின் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். கட்டும்போதும் கழற்றும்போதும் ஒரு கைக்கடிகாரத்தைக் காட்டிப் படமெடுத்துவிட்டால் பிழை தெரிந்துவிடும். எத்தனை மான் என்பது கேள்வியானால் சிக்கல் பெரிது. புலியைப் போலக் கடமானையும் கேளையாட்டையும் வரியைக் கொண்டு பிரிக்க முடியாது. அதனால்தான் நாகரஹொளேயில் காரந்தும் சன்குவிஸ்டும் மான்களின் அடர்த்தியை அறிய, காட்டின் ஊடே வகுத்த நேர்கோட்டுப் பாதைகளில் நடந்து, கண்ட விலங்குகளின் தூரத்தை அளந்து கணக்கிட்டார்கள். 1992ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. காமிராவுக்குத் தகுந்த கேள்வியைக் காமிராவிடம் கேட்க வேண்டும். காலுக்குத் தகுந்த கேள்வியைக் காலிடம் கேட்க வேண்டும்.

காலம் எவ்வளவு என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. ரோலண்ட் கேஸ் என்பவரும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஒரு காமிராவை ஓரிடத்தில் 3 முதல் 5 வாரம் வைத்துவிட்டு, 40 முதல் 60 இடங்களுக்கு மாற்றி மாற்றிக் கொண்டு போவது நல்லது என்கிறது. இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். மூன்று, நான்கு வாரத்தில் காமிராவை வேறு இடத்துக்கு மாற்றவே போகிறோம் என்றால், இடையில் போய்ப் பார்க்கும் வேலையே பெரும்பாலும் இல்லாமல் போகிறது! ஒரே மரத்தை நாலு முறை போய்ப் பார்ப்பதைவிட, நாலு மரத்துக்கு ஒவ்வொரு முறை போவது மேல்.

முறையில் வரும் பிழை ஏட்டோடு நிற்பதில்லை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் காலடித் தடங்களைக் கொண்டு எடுத்த கணக்கு புலிகள் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. 2005ஆம் ஆண்டில் பார்த்தால் அங்கே ஒரு புலியும் இல்லை. அங்கே இல்லாதது இருப்பதாகக் கணக்கில் ஏறியது. நம் பிழை அதற்கு நேர்மாறானது. நாமே விரட்டிவிட்டு, “மான் இல்லை” என்று எழுதிவிடுவோம். மான் இல்லாத காடு என்று ஏட்டில் ஏறிவிட்டால், அந்தக் காட்டுக்காகப் பேச யார் வருவார்கள்?

படத்தில் விழுவது மான் மட்டும் அல்ல

கொல்லிமலை மனிதர் வாழாத சரணாலயம் அல்ல. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கிறார்கள். மரவள்ளி, மிளகு, காபி, பலா எல்லாம் அங்கே உண்டு. அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் வெளியூரார் வருகிறார்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் மாடு மேய்க்கவும் மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைதான் பல இடங்களில் விலங்கின் பாதையும். அங்கே கட்டிய காமிரா மானைவிட மனிதரையே அதிகம் படமெடுக்கும்.

இதை அற்பம் என்று தள்ளிவிட முடியாது. கார்பெட் புலிகள் காப்பகத்தின் சுற்றுப்புறக் கிராமங்களில் திரிசாந்த் சிம்லாய் என்ற ஆராய்ச்சியாளர் நடத்திய ஆய்வு 2024ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விறகுக்குப் போகும் பெண்கள் காட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே போவார்கள். விலங்குகள் விலகிப் போக அது உதவும். காமிராக்கள் வந்தபின் கூச்சத்தால் பாட்டு குறைந்தது. காமிராவில் தற்செயலாக விழுந்த ஒரு பெண்ணின் படம் கைப்பேசிகளில் பரவியதும், ஊரார் கோபம் கொண்டு காமிராக்களை உடைத்ததும் அந்த ஆய்வில் வருகின்றன.

காமிராவை எப்போது பார்ப்பது என்ற கேள்விக்கு இங்கே வேறொரு பொருள் வந்துவிடுகிறது. யார் பார்ப்பது? பார்த்தபின் மனிதர் படங்களை என்ன செய்வது? மெமரி கார்டு ஒவ்வொரு முறை கை மாறும்போதும் யாரோ ஒருவருடைய அந்தரங்கமும் கை மாறுகிறது. வருகைகள் குறைந்தால் கைகளும் குறையும் என்பது இன்னொரு நன்மை. ஆனால் முதல் கடமை, கட்டுமுன் ஊரில் சொல்வது. எந்த இடம், எத்தனை நாள், எதற்காக என்று சொல்ல வேண்டும். குளிக்கும் துறை, பெண்கள் ஒதுங்கும் இடம் ஆகியவற்றின் பக்கம் காமிராவே கூடாது. மனிதர் படங்களை யாருக்கும் காட்டாமல் அழித்துவிட வேண்டும். வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் எதையும் கட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரில் சொல்வதால் வேறொரு லாபமும் உண்டு. எந்த ஓடையில் மான் இறங்கும், எந்த மாதத்தில் எந்தப் பழம் உதிர்ந்து அதைத் தின்ன வரும் என்பதை மாடு மேய்க்கும் பெரியவர் அறிவார். அவரிடம் அரை மணி உட்கார்ந்து கேட்டால், காமிராவை எந்த மரத்தில் கட்டுவது என்பது தெரிந்துவிடும். தவறான மரத்தில் கட்டிவிட்டு வாரந்தோறும் போய்ப் பார்ப்பதால் என்ன பயன்?

அப்படியானால் என்ன செய்வது?

குறை சொன்னவன் வழியும் சொல்ல வேண்டும். கொல்லிமலை போன்ற இடத்தில், வறண்ட மாதங்களில், நல்ல காமிராவுடன் தொடங்கும் ஒரு மாணவர் குழுவுக்கு நாம் சொல்லக்கூடியது இது.

முதல் வருகையை மட்டும் சீக்கிரம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய இரண்டு, மூன்று நாளில் ஒரு முறை போய், காமிரா சரியான பக்கம் பார்க்கிறதா, புல் ஆடுவதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். பெரும்பாலான பழுதுகள் கட்டும்போது நாம் செய்த தவறுகளே. அதன்பின் மூன்று, நான்கு வாரம் தொடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்; முடிந்தால் அந்த நாட்களில் காமிரா வைப்பதையே தவிர்க்கலாம்.

போகும்போது நடுப்பகலில் போங்கள். விடியலும் அந்தியும் மானின் மேய்ச்சல் நேரம். ஊர் மக்கள் வழக்கமாக நடக்கும் பாதையிலேயே போங்கள். அந்த வாடை மானுக்குப் பழகியது. நாயை விட்டுவிட்டுப் போங்கள். கார்டையும் பாட்டரியையும் மாற்றிக்கொண்டு உடனே திரும்புங்கள்; படங்களை அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு வருகையையும் நாள், நேரத்துடன் நோட்டில் குறியுங்கள்.

இந்தக் கடைசி வேலை மிக முக்கியம். நோட்டில் வருகைகள் இருந்தால், நீங்கள் போன மறுநாள், அதற்கடுத்த நாள், பத்தாவது நாள் என்று மான் படங்களைப் பிரித்து எண்ணிப் பார்க்கலாம். நாம் மேலே கணக்குக்காக ‘இரண்டு இரவு’ என்று வைத்துக்கொண்டோமே, அந்த எண் உங்கள் காட்டில் உண்மையில் எவ்வளவு என்பது அப்போது தெரிந்துவிடும். அதைச் சூத்திரத்தில் போட்டால் உங்கள் மலைக்கு உரிய இடைவெளி கிடைக்கும். அமெரிக்கக் கையேட்டின் எண்ணோ, இந்தக் கட்டுரையின் எண்ணோ உங்களுக்கு வேண்டியதில்லை.

செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு ஐந்து விலங்குகளில் பாய்ந்ததாகப் புலவர் பாடினார். நாம் ஐந்து முறை போய் ஒரு மானையும் காணாமல் திரும்பினால், காட்டைக் குறை சொல்லுமுன் நம் காலடிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.